முதலில் ஆட்டத்தை எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் நினைவுப் பலகையைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1962இல் வைத்த பலகையில் அவர் நிறத்தடையை (கறுப்பர்களைப் பெரிய லீக் அணிகளில் சேர்க்காத தடையை) உடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, உண்மையை மூடி மறைத்துவிட்டார்கள், 2008இல்தான் புத்தி வந்து மாற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் பலகை வெட்டிப் பிழைக்கிறவள். டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் (இப்போது டாக்டர் யூசுப் தாது தெரு, ஆனால் வாடிக்கையாளர்கள் கிரே ஸ்ட்ரீட் என்றுதான் சொல்கிறார்கள்) எங்கள் கடை இருக்கிறது. கோப்பை, கேடயம், வீட்டுப் பெயர்ப்பலகை, கல்லறைக் கல், கும்பாபிஷேகக் கல்வெட்டு எல்லாம் செய்கிறோம். மாமனார் ஆரம்பித்த கடை. பாளையங்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, எழுத்து வெட்டும் இயந்திரத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால் எந்த ஊரில் யாருக்குப் பலகை வைத்தாலும் என் கண் முதலில் எழுத்துக்குத்தான் போகும். என்ன எழுதினார்கள், எதை விட்டார்கள், யார் பெயர் பெரிதாக நிற்கிறது என்று பார்ப்பேன்.

அந்தப் பலகை இருக்கிற இடமான, கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் புகழ் மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். மண்டபம் 1939இல் திறந்தது. தேர்வாகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கல வார்ப்புப் பலகை. முகம், பெயர், ஆடிய அணி, ஆண்டு, அப்புறம் சில வரிகள், அவ்வளவுதான். இடம் குறைவு என்பதால் ஒவ்வொரு சொல்லும் கணக்குப் பார்த்துத்தான் உள்ளே வரும். எங்கள் தொழிலில் இது நல்லது. இடம் தாராளமாகக் கிடைத்தால் ஆட்கள் 'அன்னாரது தன்னலமற்ற சேவையை' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ராபின்சனின் பழைய பலகையில் என்ன இருந்தது? 1947 முதல் 1956 வரை புரூக்ளின் அணி. 1949இல் லீக்கின் முதல் மட்டையாளர், அதே ஆண்டு மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1947, 1949 இரண்டு ஆண்டும் பேஸ் திருடுவதில் முதலிடம். வாழ்நாள் மட்டைச் சராசரி .311, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 311 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸைச் சேர்வதுதான் ஹிட்). இரண்டாம் பேஸில் நின்று ஒரே வீச்சில் இரண்டு பேரை வெளியேற்றிய கணக்கு. எல்லாம் ஆட்டம், எண், ஆண்டு.

பேஸ் திருடுவது என்றால் என்ன என்று நம் வாசகர்கள் கேட்கலாம். பேஸ் என்பது ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒன்று. பந்து வீசுகிறவர் கையை ஓங்கும் நேரம் பார்த்து, அடுத்த பேஸுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்துவிடுவதுதான் திருட்டு. கடைசி பேஸான ஹோமையே திருடுவது இருக்கிறதே, அதற்கு நெஞ்சு வேண்டும். பந்தும் அங்கேதான் வந்துகொண்டிருக்கிறது, ஓடுகிறவனும் அங்கேதான் போகிறான். 1955 உலகத் தொடரின் (ஆண்டு முடிவில் நடக்கிற இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் யாங்கீஸ் அணிக்கு எதிராக ராபின்சன் அப்படி ஓடி விழுந்தார். நடுவர் சேஃப் என்றார். பந்தைப் பிடித்து நின்ற யோகி பெர்ரா எகிறிக் குதித்துச் சண்டை போட்டார். கடைசி வரைக்கும் அவர் அவுட் என்றேதான் பெர்ரா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ராபின்சனுக்கு 36 வயது. இப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது முதலில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சரி, 1962க்கு வருகிறேன். பழைய பலகையில் நிறத்தைப் பற்றி ஏன் இல்லை? மண்டபத்துக்காரர்களின் கள்ளத்தனம் என்கிறது உங்கள் கட்டுரை. தன்னை மைதானத்தில் ஆடிய ஆட்டத்தை வைத்து மட்டும் எடைபோட வேண்டும் என்று கேட்டவர் ராபின்சன் தான். பலகையின் வாசகம் அதையொட்டி அமைந்தது. இரக்கப்பட்டு உள்ளே விட்டார்கள் என்று நாளைக்கு ஒருவன் பேசிவிடக் கூடாதே! தேர்வுக்குத் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே உள்ளே போனார். அந்த .311க்குப் பக்கத்தில் எந்தச் சிபாரிசு வரியும் வேண்டாம் என்று நினைக்க ஒருவருக்கு உரிமை இல்லையா? அதைப் போய் 'மூடி மறைத்தல்' என்று சொன்னால் அவர் விருப்பத்தையே நாம் மறைத்தவர்கள் ஆகிறோம்.

2008இல் மாற்றியதும் சரிதான். 1962இல் பலகையைப் பார்த்தவர்களுக்கு 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில், அதாவது புரூக்ளின் மைதானத்தில், ராபின்சன் முதன்முதலாக இறங்கி அந்தத் தடையை உடைத்ததை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பேரப் பிள்ளைகள் காலத்தில் அப்படி இல்லை. ராபின்சன் 1972இலேயே போய்விட்டார். அவருடைய மனைவி ரேச்சல் வந்திருந்து புதிய பலகையைத் திறந்தார்கள்.

ஆனால் அந்தப் புதிய பலகையை வரி வரியாகப் படித்துப் பாருங்கள் ஐயா. முதல் வரியில் ஆட்டத் திறமை. அப்புறம் பத்து பருவங்களில் .311, ஆறு ஆல்-ஸ்டார் அணிகள், புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே உலகத் தொடர் வெற்றியான 1955, 1949இன் .342 சராசரியும் 37 திருட்டுகளும், ஹோமைத் திருடியது 19 முறை. எல்லாம் முடிந்து கடைசி வாக்கியத்தில்தான் 1947இல் தடையை உடைத்த கதை வருகிறது. அவர் துணிவும் நிதானமும் காட்டி, கடுமையான இடையூறுகளுக்கு நடுவே லீக்கின் தடையை உடைத்தார் என்கிற பொருளில். அதாவது புதிய பலகையும் முதலில் ஆட்டத்தைத்தான் சொல்கிறது. உங்கள் கட்டுரையில் இந்த வரிசை வரவே இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது.

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. 'கடுமையான இடையூறு' என்றால் யார் செய்த இடையூறு? மழையா, வெயிலா? கறுப்பர்களை அணியில் சேர்ப்பதில்லை என்று பெரிய லீக் அணிகளின் முதலாளிகள் தங்களுக்குள் வைத்திருந்த ஏற்பாடு அது. எழுதிய சட்டம்கூடக் கிடையாது. எல்லாருமாகச் சேர்ந்து அறுபது வருஷத்துக்குக் கிட்ட காப்பாற்றினார்கள். செய்தவரைச் சொல்லாமல் 'இடையூறு' என்று மட்டும் எழுதினால், தானாக வந்து தானாகப் போன ஒன்றைப் போல ஆகிவிடுகிறது.

மழை என்றேன் அல்லவா, இனி எங்கள் ஊர்க் கதை.

கொஞ்ச நாள் முன்னால், டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழ்கிற சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு விளையாட்டுக் குழுவினர் கடைக்கு வந்தார்கள். தங்கள் மண்டபச் சுவரில் கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலத்துக்கு ஒரு பலகை வைக்க வேண்டும் என்றார்கள். நல்ல பிள்ளைகள், கைக்காசு போட்டுச் செய்கிறார்கள். வாசகத்தைத் தாளில் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். மேலே 'மழையில் நின்ற மாவீரர்' என்று ஒரு தலைப்பு. கீழே 1963இல் கோப்பையை மழையில் நின்று வாங்கினார் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே குழுத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், திறந்து வைப்பவர், முன்னிலை வகிப்பவர் என்று பன்னிரண்டு பெயர்.

நான் கேட்டேன்: "தம்பி, எந்தக் கோப்பை?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், "ஆன்ட்டி, நேட்டால் ஓப்பன் தானே?" என்றான்.

"அதற்கு முன்னால் என்ன ஜெயித்தார்?"

பதில் இல்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இந்த ஊரில் பாப்வா என்றால் எல்லாருக்கும் அந்த மழைதான் தெரியும். படம் உலகம் பூராவும் பத்திரிகைகளில் வந்தது. தென்னாப்பிரிக்காவின் விளையாட்டு எப்படி நடக்கிறது என்று வெளியுலகத்துக்குக் காட்டிய படங்களில் அது ஒன்று. ஆனால் படத்தில் நனைகிற மனிதர் என்ன ஆட்டக்காரர் என்பது அந்த மழையிலேயே கரைந்துவிட்டது.

உங்கள் வாசகர்களில் பலருக்குப் பெயரே புதிதாக இருக்கும். செவ்சங்கர் செவ்கோலம், பாப்வா என்று கூப்பிடுவார்கள். டர்பன் இந்தியர், ஏழை வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைக்காதவர். பீச்வுட் கோல்ஃப் மைதானத்தில் வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தவர். அவருக்கு யாரும் ஆட்டம் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துத் தானே கற்றார். அதனால் மட்டையைப் பிடிக்கிற விதமே வேறாகிவிட்டது. வலது கைக்காரர்கள் எல்லாரும் இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைப்பார்கள். பாப்வா தலைகீழ். இடது கை கீழே, வலது கை மேலே.

மாமனார் இதைக் கடையிலேயே செய்து காட்டுவார். அளவுகோலை எடுத்து, முதலில் ஊரார் பிடிக்கிற பிடியில் ஒரு வீச்சு. அப்புறம் கைகளை மாற்றி வைத்து இன்னொரு வீச்சு. இரண்டாவதில் முழங்கை உடம்போடு முட்டிக்கொள்ளும், மணிக்கட்டு திரும்பாது, அளவுகோல் மேசையில் இடித்து நிற்கும். "இந்தப் பிடியில் பந்தைத் தொடவே முடியாது, இவன் அதை வைத்து ஐரோப்பாக்காரனை ஜெயித்தான் பார்" என்பார். நானும் குடையை வைத்து முயன்று பார்த்தேன். விலா எலும்பில் அடிபட்டதுதான் மிச்சம்.

1959இல் பாப்வா ஐரோப்பாவுக்குப் போனார். கூட்டிக்கொண்டு போனவர் கிரஹாம் வுல்ஃப், டர்பனில் ஓலே முகக் கிரீமைக் கண்டுபிடித்த அதே வேதியியல்காரர். அந்தப் பயணத்திலேயே டச்சு ஓப்பனை ஜெயித்தார் பாப்வா. 1960இல் மறுபடி ஜெயித்தார். 1964இல் மூன்றாம் முறை. ஒரு நாட்டின் தேசிய ஓப்பன் போட்டியில் மூன்று தடவை கோப்பை. இந்த மூன்று ஆண்டுகளும் அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த தாளில் இல்லை.

நடுவில்தான் 1963. டர்பன் கன்ட்ரி கிளப் மைதானத்தில் நேட்டால் ஓப்பன். பாப்வா ஜெயித்துவிட்டார். கோப்பை கொடுக்க வேண்டும். எந்த இனத்தார் எங்கே இருக்கலாம் என்று பிரித்துவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் முதலான நிறவெறிச் சட்டங்கள் இந்தியரை அந்த கிளப் கட்டடத்துக்குள் விடாது. தோற்றவர்கள் எல்லாம் உள்ளே நனையாமல் நின்றார்கள். ஜெயித்தவருக்கு வெளியே மழையில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

அடுத்து 1965. மறுபடி நேட்டால் ஓப்பன். இந்தத் தடவை தோற்றவர்களில் கேரி பிளேயர் இருந்தார். உலகத்தின் மிகப் பெரிய பட்டங்களை வாங்கியவர், தென்னாப்பிரிக்காவின் செல்லப் பிள்ளை. அவரை அவர் நாட்டிலேயே பை சுமந்த பையன் ஜெயித்தான். அதுவரை முகத்தைச் சுளித்துக்கொண்டு பொறுத்திருந்த அரசாங்கத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போட்டிகளில் ஆடத் தடை வந்தது, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டிலும் ஆட முடியாது, உள்நாட்டிலும் ஆட முடியாது. 1978இல் ஐம்பதைத் தாண்டாமலே இறந்துபோனார்.

என்னைக் கேட்டால், மழையைவிடக் கொடுமை இந்த 1965க்குப் பிறகு நடந்ததுதான். மழை அரைமணி நேரம் பெய்திருக்கும். ஆடக் கூடிய வயதில் ஆடவிடாமல் உட்காரவைத்தது ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆனால் அதற்குப் புகைப்படம் கிடையாது. அதனால் பலகையிலும் இடம் கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். 'மழையில் நின்று வாங்கினார்' என்று மொட்டையாக எழுதினால் படிக்கிற சின்னப் பிள்ளை என்ன நினைக்கும்? அன்றைக்கு வானிலை சரியில்லை என்றுதானே? யார் வெளியே நிறுத்தினார்கள், எந்தச் சட்டத்தின் பெயரால் என்று எழுத வேண்டாமா? கூப்பர்ஸ்டவுனில் 'இடையூறு' என்று எழுதியதும் சாட்ஸ்வொர்த்தில் 'மழை' என்று எழுதுவதும் ஒரே பழக்கம்தான்.

நம் முன்னோர் நடுகல்லில் பெயரும் பீடும் எழுதினார்கள். யாருடைய ஆநிரை, யார் கவர்ந்தார்கள், இவன் எப்படி மீட்டு மாண்டான் என்று பின்னாளைய கல்வெட்டுகளில் விவரமாகவே இருக்கும். கல்லை யார் தலைமையில் நட்டார்கள், யார் முன்னிலை வகித்தார்கள் என்று பன்னிரண்டு பெயர் அங்கே கிடையாது. நாமோ கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை வெளிச்சமே வராத அளவுக்கு எழுதுகிற ஆட்கள்! நம் ஆட்கள் முதன்முதலாகக் கடல் தாண்டி 1860இல் டிரூரோ கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே ஏறி வந்துவிட்டது போலிருக்கிறது. எங்கள் கடையில் வெட்டுகிற கல்வெட்டுகளில் பாதி எழுத்து திறப்பாளர்களின் எழுத்து. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் நான், எனக்கு லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்க வேண்டியது இன்னும் சில இருக்கின்றன. அந்த மண்டபத்தில் உண்மையாகவே தவறு நடந்த இடங்கள் அவை.

சாட்சல் பெய்ஜ் என்று ஒரு பந்து வீச்சாளர். வாழ்நாளின் நல்ல பகுதியெல்லாம் நீக்ரோ லீக் அணிகளில், அதாவது கறுப்பர்கள் தங்களுக்கென்று தனியாக நடத்திய லீக்குகளில், வீசினார். 1971இல் அவரைக் கௌரவிக்க முடிவு செய்தபோது, நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனிப் பகுதி, மற்றவர்களின் பலகைகளோடு அல்ல என்றுதான் முதலில் அறிவித்தார்கள். கௌரவிக்கிற இடத்திலும் தனி வாசல்! ஊர் கொதித்தது. பத்திரிகைகள் போட்டுத் தாக்கின. அப்புறம் இறங்கி வந்து, எல்லாரோடும் சரிசமமாகப் பலகை வைத்தார்கள். டர்பன் கிளப் கட்டடத்தின் கதவை அறிந்த எங்களுக்கு இந்தச் சம்பவம்தான் ராபின்சன் பலகையைவிட நெருக்கமாகப் படுகிறது.

அடுத்தது ராபர்ட்டோ கிளெமென்டே. போர்ட்டோ ரிக்கோக்காரர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஆடினார். சரியாக 3000 ஹிட்களோடு 1972 பருவத்தை முடித்தார். நிகராகுவாவில் பூகம்பம் வந்தபோது நிவாரணப் பொருள் ஏற்றிய விமானத்தில் தானே ஏறிப் போனார். 1972 டிசம்பர் 31 அன்று விமானம் கடலில் விழுந்தது. ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டு காத்திருக்கும் விதியைத் தள்ளிவைத்து மறுவருடமே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பலகையில் பெயர் 'ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே' என்று வார்க்கப்பட்டது. அவர்கள் வழக்கப்படி தந்தை வழிப் பெயர் கிளெமென்டே முதலில் வரும், தாய் வழிப் பெயர் வாக்கர் அடுத்து வரும். அதைத் திருத்திப் புதுப் பலகை வைத்தது 2000ஆம் ஆண்டில். துறைமுகத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததே பெயர் என்று எழுதிவைத்த ஊரில் இருக்கிறேன். அண்ணன் ஒரு ஸ்பெல்லிங், தம்பி ஒரு ஸ்பெல்லிங் என்று ஒரே கல்லறையில் வெட்டிக் கொடுக்கிறேன். எனக்கு இது புதிதல்ல. ஆனால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வெண்கலம் மிஞ்சியிருக்கும்.

எண்களும் மாறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் மேஜர் லீக் பேஸ்பால் (நான் பெரிய லீக் என்றது இதைத்தான்), நீக்ரோ லீக் ஆட்டக் கணக்குகளையும் தன் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜோஷ் கிப்சன் .372 சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். ராபின்சன் 1945இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு அடித்த 49 ஹிட்களும் சேர்ந்து அவர் மொத்தம் 1567 ஆனது. ஆக, பழைய பலகையிலும் புதிய பலகையிலும் பொறித்த .311 அந்தப் பத்து பருவங்களுக்கு உரிய எண். அந்த 1945 அதில் இல்லை. இதனால்தான் நான் யார் கேட்டாலும் 'வாழ்நாள் மொத்தம்' என்று போடாதீர்கள், எந்த ஆண்டு, எந்தப் போட்டி என்று போடுங்கள் என்கிறேன். 1959 டச்சு ஓப்பனை இனி யாரும் மாற்ற முடியாது.

வெண்கலம் பற்றியும் ஒரு வார்த்தை. குழுவினர் முதலில் கேட்டது வெண்கலப் பலகை. வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இந்த நாட்டில் வெளிச்சுவரில் வெண்கலத்தை வைத்தால் அடுத்த மாதம் பழைய இரும்புக் கடையில் போய்த்தான் தேட வேண்டும். செம்புக் கம்பித் திருட்டு தாங்காமல் 2022 முடிவில் அரசாங்கமே உலோகக் கழிவு ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிற மைதானத்தில் ராபின்சனுக்கு ஒரு வெண்கலச் சிலை இருந்தது. 2024 ஜனவரியில் இரவோடு இரவாக அதைக் கணுக்காலோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலணிகள் மட்டும் பீடத்தில் மிஞ்சின. இனவெறிதான் காரணமோ என்று ஊர் பதறியது. விசாரித்தால் பழைய உலோகத்துக்குக் கிடைக்கிற காசுக்காகத் திருடியிருக்கிறார்கள். நல்லவேளை அச்சு பத்திரமாக இருந்தது. ஆகஸ்டிலேயே புதுச் சிலை வந்துவிட்டது.

அவர் பிறந்த ஜார்ஜியா மாநிலத்து கெய்ரோ ஊரில் நடந்தது வேறு. அங்கே இருந்த பலகையைத் துப்பாக்கியால் சுட்டிருந்தார்கள், 2021இல் தெரியவந்தது. புதிதாக ஒன்றை வைத்துவிட்டு, குண்டு துளைத்த பழைய பலகையை கான்சஸ் சிட்டியில் இருக்கிற நீக்ரோ லீக் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அதை உருக்காமல் விட்டது நல்ல யோசனை.

அதனால் எங்கள் பலகைக்குக் கறுப்பு கிரானைட்தான் சொல்லியிருக்கிறேன். மணல் பீய்ச்சி எழுத்தைக் குழித்து வெள்ளைப் பெயின்ட் நிரப்பினால் பெயின்ட் உதிர்ந்த பிறகும் விரலால் தடவிப் படிக்கலாம். லேசரில் கீறினால் சீக்கிரம் ஆகும், செலவும் குறைவு. ஆனால் டர்பன் கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் மங்கிவிடுகிறது. கல்லைச் சுவரில் திருகுவதைவிடச் சுவருக்குள் பதித்துவிடுவது நல்லது. திருடிக்கொண்டு போனாலும் விலை போகாது.

பேஸ்பாலுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடாமல் இருக்க இதையும் எழுதிவிடுகிறேன். கிஃப்ட் ங்கோபே என்று ஒரு பையன், போலோக்வானேயில் பிறந்தவர். அம்மா வேலை பார்த்த ராண்ட்பர்க் பேஸ்பால் கிளப் கட்டடத்தின் ஓர் அறையில் வளர்ந்தார். 2017 ஏப்ரல் 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக மைதானத்தில் இறங்கினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள். சந்தித்த முதல் வீச்சாளர் ஜான் லெஸ்டர், முதல் வாய்ப்பிலேயே ஹிட். அந்த லீகில் அவர் ஆடியது குறைவுதான், கூப்பர்ஸ்டவுன் பலகையெல்லாம் வராது. ஆனால் அவருக்கு ஒரு பலகை வேண்டும் என்று யாராவது கடைக்கு வந்தால் வாசகம் தயார்: பெயர், தேதி, அணி, வீச்சாளர், ஹிட். கீழே ஒரு வரியில் அந்த கிளப் அறை. இந்த வரிசையில்தான் வெட்டுவேன்.

பாப்வா பலகைக்கு நான் எழுதிக் கொடுத்த வாசகத்தையும் உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். நன்றாக இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்துங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

'செவ்சங்கர் "பாப்வா" செவ்கோலம், கோல்ஃப் வீரர். பீச்வுட் மைதானத்தில் மட்டைப் பை சுமந்து, தானே ஆடக் கற்றவர். இடது கையைக் கீழே வைத்து மட்டை பிடித்தவர். டச்சு ஓப்பன் வெற்றி 1959, 1960, 1964. நேட்டால் ஓப்பன் வெற்றி 1963, 1965. 1965இல் கேரி பிளேயரை வென்றார். 1963இல் நிறவெறிச் சட்டம் அவரை கிளப் கட்டடத்துக்குள் விடாததால் வெளியே மழையில் கோப்பையைப் பெற்றார். 1965க்குப் பிறகு அரசு அவரை ஆடவிடவில்லை. இறப்பு 1978.'

'மாவீரர்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். ஐந்து கோப்பையை எழுதிய பிறகு அது எதற்கு? பன்னிரண்டு பெயரைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது. குழுவின் பெயரை மட்டும் கல்லின் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் வெட்டித் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செயலாளர் ஒத்துக்கொண்டார். திறந்து வைக்க வருகிறவரின் பெயராவது பெரிதாக வேண்டும் என்று தலைவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். திறப்பு விழா அழைப்பிதழில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது இரண்டு. ராபின்சனின் பழைய பலகை அவருடைய விருப்பத்தை ஒட்டியது என்பதை அடுத்த இதழில் ஒரு வரியாவது போடுங்கள். அப்புறம், அந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் 2008 பலகையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். எழுத்து தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. பலகையைப் பற்றிய கட்டுரைக்குப் பலகையைப் படிக்க முடிகிற அளவில் படம் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பலகைக் கடைக்காரி,
டர்பன், தென்னாப்பிரிக்கா